மூன்றாம் லெவலில் ஒருவர்

தோணிக்காரனுக்கு உயிர் நாலாயிரத்து இருநூறு.
நான்தான் வைத்தேன்,
டொம்ளூர் ஆபீசில் காபி மெஷின் கெட்டுப்போன ஒரு செவ்வாயன்று.

மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி வரும் பெனடிக்ட்
அவனிடம் நாற்பத்தொரு தடவை செத்தான்.
ஹெட்போனைக் கழற்றி வைத்தான்,
போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.
"அடி விழட்டும்க்கா.
எங்கேர்ந்து விழுதுன்னு மட்டும் தெரியணும்."

உயிரைத் தொடவில்லை நான்.
துடுப்பை ஓங்குவதற்கு முன் தோணிக்காரனின் இடது தோள்
கால் நொடி தாழும்படி செய்தேன், அவ்வளவுதான்.
மூன்றாம் முயற்சியில் பெனடிக்ட் ஆற்றைக் கடந்தான்.
தனக்குக் கை வந்துவிட்டது என்றான்.
வந்துதான் இருந்தது.

நாம் வளர வளர எதிரியும் வளர்கிற முறை ஒன்று உண்டு.
எனக்கு ஆகாது.
ஏப்ரலில் என் சம்பளம் பத்து சதவீதம் ஏறியது.
மே முதல் தேதி, முருகேஷ்பாளையம், இரண்டாம் மாடி:
கௌரம்மா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.
வாடகை பன்னிரண்டு சதவீதம் கூட,
டேங்கர் தண்ணீர் தனி.
புது வாள்தான் கையில்.
வெட்டினால் பழைய காயம்தான் விழுகிறது.

திங்கட்கிழமைகளில் கணக்கு வரும்,
யார் எந்த இடத்தில் ஆட்டத்தை விட்டுப் போனார்கள் என்று.
தோணித்துறையில் நூற்றுக்குப் பதினெட்டு.
குகை வாசலில் ஒன்பது.
நடுவே ஒரு வரி, என் கண்ணில் தூசி மாதிரி:
லெவல் மூன்று. இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.

ஆற்றைப் பார்த்ததே இல்லை அந்த ஆள்.
தொடக்கத்துப் புல்வெளியிலேயே
கீரி மாதிரி ஒரு சின்ன ஜந்துவை
விரட்டுவதும் விடுவதுமாக.
மேலே ஏறப் புள்ளிகள் சேர்ந்து கிடக்கின்றன.
ஏறச் சொல்லும் மஞ்சள் அம்பு
திரை மூலையில் எத்தனை மாதமாக மின்னுகிறதோ,
தொடவில்லை.

"பாட்டாக இருக்கும்," என்றான் சுப்ரீத்.
"இல்லாவிட்டால் புரியாத ஆள்.
இத்தனை மணிக்குமேல் தானாக ஏறட்டும், ஒரு விதி எழுது."

அந்தப் புல்வெளியில் ஆறு நிமிடத்துக்கு மேல்
ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.
புல்லைக்கூட அந்த ஆறு நிமிடத்துக்குத்தான் அடர்த்தியாகக் கேட்டேன்.
ராத்திரி வீட்டில் புதுக் கணக்கு ஒன்று திறந்து
அங்கே போய் நின்றேன்.
பத்து நிமிடம். இருபது.
ஜந்து வந்து காலை மோந்துவிட்டுப் போனது.
கீழே டேங்கர்காரன் ஹாரன் அடித்தான்,
குழாய் இழுக்கும் சத்தம்,
பழைய ஏர்போர்ட் ரோட்டில் யாரோ யாரையோ திட்டினார்கள்.
நாற்பதாவது நிமிடம்
புல்வெளியில் மழை பெய்யத் தொடங்கியது.

நான் கேட்காத மழை.
எந்த ஆவணத்திலும் இல்லை.
ஓவியப் பிரிவில் யாரோ போட்டுவிட்டு
வேலையையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.
ஜந்துக்கள் எல்லாம் ஒரே பாறையடியில் ஒதுங்கின.
நானும் போனேன்.
ஒன்றும் கடிக்கவில்லை.
ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை.

காலையில் விதியை எழுதினேன்,
கேட்டபடியே, சுத்தமாக.
எத்தனை மணி என்ற கட்டத்தில்
ஒன்பதை ஐந்து முறை அழுத்தினேன்.
சுப்ரீத் கேட்டால்
விசை ஒட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.