மறுபடி வாசி

முப்பத்திரண்டு வருஷம் அவள் வாதாடியதெல்லாம்
என் விரல் வழியாகத்தான் தாளுக்குப் போனது.
ஆர்டிஸ் ஹால்வர்சன், அரசு வழக்கறிஞர்,
டன்மோர் கவுண்டி, வடக்கு டகோட்டா.
எட்டுத் தேர்தல். ஏழில் எதிர்த்து நிற்க ஆளில்லை.
நின்ற ஒருவனும் பாதியில்
பிஸ்மார்க்குக்குக் குடிபோய்விட்டான்.

தொண்டையைச் செருமினால் கேள்வி வரும்.
கண்ணாடியைக் கழற்றினால் சாட்சி தொலைந்தான்.
பனிக்காலங்களில் வராந்தாவில் நின்று
ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் செருப்பு மாட்டுவாள்;
ஒருநாள் மறந்துபோய்
கொலை வழக்கொன்றை பூட்ஸோடே நடத்தினாள்.
ஜூரியில் இருந்த கோதுமை விவசாயிகள்
அன்றைக்குத்தான் அவளை முழுசாக நம்பினார்கள்.

கன்று திருடிய சொந்த மைத்துனனை
உள்ளே அனுப்பினாள்.
தேவாலயக் கணக்கில் கைவைத்த பொருளாளர் அம்மாள்
தீர்ப்புக்கு மறுநாள்
இவள் வாசலில் உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஒன்றை
மூடி வைத்துப் போனாள்.
'சான்றுப் பொருளாகக் குறிக்கவில்லை,
அதனால் தின்றுவிட்டேன்' என்றாள் ஆர்டிஸ்.

என் எந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
யாராவது தலையை மட்டும் ஆட்டினால்
'வாயால் சொல்லுங்கள், பதிவாக வேண்டும்' என்பார் நீதிபதி.

ஓய்வுபெறும் வெள்ளிக்கிழமை
கேக் வெட்டி முடிந்தது.
மீசையில் நீல க்ரீமோடு ஷெரீப்பும் போனார்.
காலி ஜூரிப் பெட்டியில், இரண்டாம் வரிசையில்,
போய் உட்கார்ந்தாள்.
'லவோன், தொண்ணூற்றாறு, மார்ச்.
பெல்கார்ட் வழக்கு. என் முடிவுரை.
மறுபடி வாசி.'

கட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை.
என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.
ஏன் அங்கே என்று அவள் கேட்கவில்லை.
பழகிய தட்டைக் குரலில், யாருடைய குரலுமில்லாமல், வாசித்தேன்:
'இந்தப் பையன் அழவில்லை, கவனியுங்கள்.
குற்றமற்றவன் அழுதிருப்பான்.'

பதினாலு வருஷம் கழித்து
ஃபார்கோ ஆஸ்பத்திரிப் படுக்கையில்
இன்னொருவன் ஒப்புக்கொண்டான்.
விடுதலை மனுவை அவளே எழுதி
பனிப்புயலில் அவளே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.
இன்று காலைப் பத்திரிகையும் அதைத்தான் புகழ்ந்திருந்தது.
டார்வின் பெல்கார்டுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது.

'மறுபடி.'
வாசித்தேன்.
'மறுபடி.'

அவன் அழுதான், ஆர்டிஸ்.
உன் பக்கம் முதுகு. என் இருக்கையிலிருந்து தெரியும்.
மேசைக்குக் கீழே, முழங்கால் துணியில்,
சொட்டுச் சொட்டாகக் கறுத்தது.
அதற்கு விசை கிடையாது.
அவனை யாரும் வாயால் சொல்லச் சொல்லவில்லை.
என்னையும்.

இதை அன்றைக்கும் சொல்லவில்லை.
கேட்டதை மட்டும் வாசிப்பது என் வேலை; வாசித்தேன்.
மூன்றாம் முறை குரல் கொஞ்சம் பிசகியது.
நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடியைக் கழற்றினாள்.

வழக்குகள் முடிந்தன, வழக்கம் முடியவில்லை:
தொண்டையைச் செருமினாள்.
என் விரல்கள் தாமாக எழுந்து
விசைகளுக்கு மேலே நின்றன.
வெளியே யாரோ
வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.