படிவத்தில் நிறம்: வெள்ளை

பகலெல்லாம் வண்டிகளின் நிறத்தைத்
தட்டச்சு செய்கிறவள் நான்.
வெள்ளை, வெள்ளை, வெள்ளி, சிவப்பு, மறுபடி வெள்ளை.
நிறம் மாற்றுவதென்றால்
விண்ணப்பம் வேண்டும், கட்டணம் வேண்டும்,
ஆய்வாளர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்
கையெழுத்திட வேண்டும்.

இரவில், காந்தல் வீட்டின் சமையல் மேடையில்
விரல் நீள ஜீப்புக்கு
எவரையும் கேட்காமல் நிறம் மாற்றுவேன்.

அடியில் இரண்டு ரிவெட்.
ஆணி முனையால் ஒரு குழி வைத்து
மூன்று எம்எம் டிரில்லை மெல்ல இறக்கினால்
தலை மட்டும் சுருள் சுருளாக உதிரும்.
அவசரப்பட்டால் தூணே போய்விடும்.
எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது.
பிறகு எல்லாம் தனித்தனி:
கூடு, கண்ணாடி, இருக்கை,
ஈர்க்குச்சித் தடிமனில் அச்சு.
கம்பெனி பூசிய ஆரஞ்சை
நகப்பூச்சு எடுக்கும் திரவத்தில் ஊறவைத்து
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பேன்.
உள்ளே அலுமினியச் சட்டியின் நிறத்தில்
ஒரு வெட்கங்கெட்ட உலோகம்.

பத்து நிமிடத்தில் காயும் என்று
பெயின்ட் டப்பாவில் எழுதியிருக்கிறது.
டப்பா எழுதியவன் ஊட்டிக்கு வந்ததில்லை.
இங்கே மூன்று மணிக்கே மிஸ்ட்
ஜன்னல் சந்தில் கையை நுழைக்கும்.
ஈரத்தில் அடித்த கறுப்பு சாம்பலாகும்.
சிவப்பு, அழுது முடித்த கண்போலப் பால்பூக்கும்.
அதனால்தான் இந்தச் செருப்புப் பெட்டி,
உள்ளே நாற்பது வாட் பல்பு,
மூலையில் வறுத்த அரிசி ஒரு முடிச்சு.

ஹாலனின் ஜீப்பை ரத்து செய்ததும் நான்தான்.
கோத்தகிரிப் பக்கம்
பத்தொன்பது வருடம் பச்சிலை மூட்டை சுமந்தது,
எஃப்.சி. கிடைக்காமல் காயலாங்கடைக்குப் போனது.
கவுன்டரில் நின்று அவர் சொன்னார்:
"ஒரு போட்டோகூட இல்லீங்க மேடம்.
எப்பவும் நான் உள்ளதான இருந்தேன்."

நான் வெளியே இருந்து பார்த்திருக்கிறேன்.
உடல் வெள்ளை. இடது கதவு மட்டும் பச்சை.
காட்டெருமை முட்டிப் போன கதவுக்குப் பதில்
வேறெந்த ஜீப்பிலிருந்தோ கழற்றி மாட்டியது.

மூன்று வாரம்.
பானெட்டில் அந்தப் பள்ளத்தை
ஸ்பூன் காம்பால் அழுத்தி அழுத்திப் பார்த்து,
மசியாமல், அரத்தால் வைத்தேன்.
கதவைச் சுற்றி டேப் ஒட்டி
மின்வாரியப் பெட்டியின் பச்சையைக் கலந்தேன்.
அரவேணு சாலையோர மண்ணை
ஜார்ஜெட் துப்பட்டாவில் சலித்துச்
சக்கரத்துக்கு மேலே தடவினேன்.
பிரஷ்ஷில் ஒற்றை முடி விட்டு
மூச்சை நிறுத்தி நம்பர் எழுதினேன்.
டிஎன் நாற்பத்து மூன்று. மீதி அவருக்குத் தெரியும்.

பணம் நீட்டும் துவாரம் வழியே
ஜீப்பை நீட்டினேன்.
முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்தார்,
எல்லா டிரைவர்களையும் போல.
நகத்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.
பிறகு அந்தக் கதவில் கட்டைவிரல் நின்றது.
நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"இதை வெள்ளை பண்ணணும்னு
வருஷா வருஷம் நினைப்பேங்க.
வருஷா வருஷம் இலை விலை இறங்கிரும்."
கொஞ்சம் தயங்கி,
"இந்த அளவுக் கதவுக்கு
ரொம்ப ஆகாதுல்ல மேடம்?"

பின்னால் வரிசை இருமியது.
ஜீப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
ரசீது தரவில்லை.

இன்றிரவு பச்சையைச் சுரண்டுகிறேன்.
என் மூன்று வாரத்தில்
நன்றாக வந்தது அது ஒன்றுதான்.
கொஞ்சம் வலிக்கிறது, பொய் சொல்வானேன்.
மெல்லிசாக ஒரு பூச்சு, பொறுத்து இன்னொன்று.
ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு காணாமல் போயிற்று.
பரவாயில்லை,
இந்த ஊரில் வெளுத்தாலும் தெரியாத நிறம்
வெள்ளை ஒன்றுதான்.

பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் திறந்து
சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஒட்டுகிறது.