நூறாவது நாள்

இன்று பிள்ளைகள் நூறு பொருள் கொண்டுவர வேண்டும்.
நூறு பொத்தான், நூறு மக்ரோனி, நூறு பாட்டில் மூடி.
இரண்டாம் வகுப்பு ஒசியேல்
அப்பாவின் காபி டப்பா நிறையத் திருகாணி கொண்டுவந்தான்,
வழியெல்லாம் குலுக்கியபடி.

நான் பிள்ளைகளை எண்ணுகிறேன்.

டூசான் நகரின் தென்கோடியில்
மளிகைக்கடையாக இருந்த கட்டடம்.
இறைச்சியை உறையவைத்த அறையில் பாட்டு வகுப்பு.
தரையில் இன்னும் அழியவில்லை
கல்லாவுக்கு வழிகாட்டிய மஞ்சள் அம்பு.
சார்ட்டர் பள்ளி. கட்டணம் கிடையாது.
தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் அளக்கும்,
அதுவும் நூறாம் நாள் வரை எண்ணிய தலைக்கு.

ஆகஸ்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இன்று இருநூற்று அறுபத்தேழு.

சட்டத்தில் ஒரு வரியை எடுத்தார்கள், அவ்வளவுதான்.
இன்னின்னாருக்கு மட்டும் என்றிருந்த உதவித்தொகை
எல்லாருக்கும் என்றானது.
பணம் பெற்றோர் கணக்கில் விழுகிறது.
அதில் தனியார் பள்ளி வாங்கலாம்,
வீட்டிலேயே பாடம் வாங்கலாம்,
பியானோகூட வாங்கலாம் என்கிறார்கள்.

லுக்ரேசியா டோவார் மூன்று பெண்களையும் கூட்டிப்போனாள்.
விலகல் படிவத்தில் கையெழுத்திடும்போது
என் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
பதினோரு வருடம் முன்பு
எதிர்ச்சாரி அரசுப் பள்ளியின் வண்டி நிறுத்தத்தில்
துண்டுச்சீட்டு கொடுத்தவள் நான்தான்.
தேர்வு உங்கள் கையில் என்று
கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம்.
அந்தப் பள்ளியின் குமாஸ்தா டார்லா ஸ்விகார்ட்
சாலையைக் கடந்து வந்து
அட்டைப்பெட்டி நிறையக் கோப்புகளை
என் மேசையில் இறக்கினாள்.
"எண்ணிக்கொள்" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது அங்கே கம்பிவேலி.
கூடைப்பந்து வளையத்தில் புறா முட்டையிடுகிறது.

வாடகைக்குத் தலைக்கணக்கு தெரியாது.
குளிர்சாதனத்துக்கும் தெரியாது,
இருபத்தெட்டுப் பேருக்கும் பத்தொன்பது பேருக்கும்
ஒரே காற்றுதான் வீசுகிறது.
வாசிப்பு ஆசிரியர் வெண்டலுக்கு மார்ச் முதல் அரை நாள் வேலை.
அதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.
இன்று அவர் தொப்பியில் நூறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு எண்ணை அனுப்பினேன்.
திரையில் ஒரு பச்சைக் குறி.

மறுநாள் காலை
பெல் அடிப்பதற்குள் வந்து நின்றார் கார்வின் பாஸ்,
கையில் மகன்,
மகனின் காதில் நீலநிறக் கேட்புக் கருவி.
செப்டம்பரில் போனவர்கள்.
அங்கே நல்லவர்கள்தாம் என்றார்.
தேவாலயம் பெரியது, சீருடை அழகு.
ஆனால் இவனுக்கு வேண்டியதைச் செய்ய
எங்களிடம் ஆளில்லை என்று சொல்லிவிட்டார்களாம்,
மிகவும் மரியாதையாக.

நூற்றோராம் நாள்.
இந்தத் தலைக்கு ஒரு காசும் வராது.
தலைமையாசிரியர் ஹாஸ்கெட்டைப் பார்த்தேன்.
அவருக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"நாற்காலி இருக்கிறதா?"

"நாற்பத்தைந்து இருக்கிறது."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
பையன் அதற்குள் மஞ்சள் அம்பின் மேலேயே
ஒற்றைக்காலில் தாவிப் போய்க்கொண்டிருந்தான்,
பழைய கல்லா இருந்த பக்கம்,
அவன் பழைய வகுப்புப் பக்கம்.

புதுப் படிவம் எடுத்தேன்.
பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு
எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றேன் அப்பாவிடம்,
எனக்குத் தெரிந்த பெயர்தான்.
அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.