வெங்காயம், மிளகாய், ஒலிச்சோதனை

மேடைக்குப் பின்னால் சுலைக்கா
சத்தே குச்சியில்
வெங்காயமும் மிளகாயும் குத்திப்
புல்லில் நடுகிறாள்.
மழை வராதாம்.

என் கைப்பேசியோ
மூன்று மணிக்கு இடி என்கிறது.
நான் இரண்டையும் நம்புகிறவள்:
குச்சி சாயாமல் மண்ணை அழுத்திவிட்டுத்
தார்ப்பாய்க்கும் சொல்லி அனுப்புகிறேன்.

நாளை ஆறாயிரம் பேர்
பாய் விரிக்கப்போகும் கேனிங் குன்றுச் சரிவில்
இப்போது நான்கு மைனாக்கள்.

"மைக்ல பேசுங்கக்கா"
ஒலிப்பலகையிலிருந்து இளம்பரிதி.
என்ன பேச?
ஒண்ணு ரெண்டு மூணு
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
கட்ட மறந்த மின்கட்டணம்,
ஐந்தாம் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை,
எட்டு மாதமாய் என்னோடு பேசாத
தங்கையின் பெயர்
எல்லாம் பெரிய பெட்டிகள் வழியே
குன்றிறங்கிப் போகின்றன.

"அந்தக் கடைசிச் சொல்லு, மறுபடி."

தேன்மொழி.

"இன்னொரு வாட்டி.
ழி சுத்தமா வருது."

தேன்மொழி.
தேன்மொழி.

மைனாக்கள் எழும்பவில்லை.
ஸ்டாம்ஃபர்ட் சாலைப் பக்கம்
வானம் கறுக்கிறது.
தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்,
மிளகாயை மிதிக்காமல்.