நாற்பது முந்திரி

கடலூரில் மலை இல்லை என்று சொல்லிவிட முடியாது.
கேப்பர் மலை இருக்கிறது.
பஸ்ஸில் போகிறவர்கள்
மலை வந்ததையும் போனதையும் கவனிக்காமல்
கண்டக்டருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்கள்.
அவ்வளவு உயரம்.

ஜனவரியில் கொல்லிமலை ஓட்டம்.
பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்கள்.
ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றம்.
ஓடையோரமாக நானே அளந்து பார்த்ததில்
என் மலை முப்பது.
கூட்டுறவு வங்கியில் காசாளர் நான்,
பெரிய நோட்டு இல்லையென்றால்
சில்லறையாகக் கொடுக்கத் தெரியும்.
நாற்பது தடவை ஏறினால் சரியாப் போச்சு.

தனவேல் ஆட்டோவை மேட்டில் நிறுத்தி
பண்ருட்டி முந்திரிப்பருப்பு நாற்பதை
டப்பாவில் எண்ணி வைத்திருந்தான்.
நான் ஒருமுறை மேலே வந்தால்
ஒன்று டப்பாவிலிருந்து டாஷ்போர்டுக்கு.
"மேடம், துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க."
"கூண்டு ஏறிடுச்சு,
நான் இன்னும் ஒரு தடவைகூட ஏறலையே."

ஐந்து வரைக்கும் மழை வேடிக்கை.
ஒன்பதில், பாதை என்பது நேற்றைய பேச்சு.
செம்மண் கரைந்து
கணுக்கால் அளவுத் தண்ணீர் எதிரே இறங்கி வருகிறது,
முந்திரிச் சருகையும்
யாரோ குடித்துப் போட்ட குவார்ட்டர் பாட்டிலையும்
ஒற்றைச் செருப்பையும் கூட்டிக்கொண்டு.
வழிவிட்டு ஒதுங்கினேன்.
வயதில் பெரியது.

பதினான்கில் இடது ஷூ சேற்றிலேயே தங்கிவிட்டது.
முழங்கை வரை விட்டுத் துழாவி
கன்றை இழுப்பதுபோல் இழுத்தேன்.
அதற்குப் பிறகு அதற்கு
என் காலைப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதில் காற்று திரும்பி
கடல் உப்பை நாக்கில் வைத்தது.
சிப்காட் வாடை இல்லாமல் மூச்சு வாங்கியது
அந்தக் கொஞ்ச நேரம்தான்.
சிறைக் காவல் கோபுரத்திலிருந்து ஒரு விளக்கு
என்மேல் விழுந்தது, தயங்கியது, நகர்ந்தது.
தப்பிக்கிறவள் இப்படி
போன இடத்துக்கே திரும்பித் திரும்பி வரமாட்டாள் என்று
அவருக்குப் புரிந்திருக்கும்.

இருபத்திரண்டோ, மூன்றோ,
விழுந்தேன்.
வழுக்கவில்லை. கால் வைத்த மண்
எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டது.
முழங்காலில் மலையின் நிறத்திலேயே ரத்தம்,
எது எதுவென்று மழை பிரித்துச் சொல்லவில்லை.
கிடந்த வாக்கில் பார்த்தபோதுதான்
கணக்கு உதைத்தது.
நான் ஏற ஏற
மலை இறங்கிக்கொண்டிருக்கிறது.
அதோ கெடிலத்துக்குச் சிவப்பாய்ப் போகிறதே,
அது எனக்கு வரவேண்டிய உயரம்.
நாற்பதாவது தடவை முப்பது மீட்டர் இருக்காது.
எவ்வளவு குறையும், ஒரு விரற்கடை? ஒரு நகம்?
வங்கியில் என்றால்
அதைத் தேடி எடுக்காமல்
ஷட்டரை இறக்க மாட்டோம்.

எழுந்தேன். ஏறினேன். இறங்கினேன்.
அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டால்
கேஸ் சிலிண்டர் புக் பண்ணவில்லை என்பது மட்டும்
ஞாபகம் இருக்கிறது.

பிறகு மேட்டில் மின்கம்பி ஒன்று
முனக ஆரம்பித்துப் பட்டென்று நிறுத்தியது.
வண்டிப்பாளையம் வரைக்கும் இருட்டு.
தனவேல் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
கெஞ்சுகிற ஹாரன் இல்லை அது.

"இருபத்தாறு மேடம்."
"இருபத்தேழு."
டார்ச் அடித்து எண்ணினோம்.
டாஷ்போர்டில் இருபத்தாறு.
டப்பாவில் பதின்மூன்று.
அவன் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டான்.
மழைதான் என்று
பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிவிட்டேன்.

கெடிலம் பாலம் தாண்டும்வரை வைப்பர் ஓடவில்லை.
கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டியபடி
பின்பக்கம் பார்க்காமலே
டப்பாவை என் மடிக்குத் தள்ளினான்.
ஏறாத மலை
நமத்துப் போயிருந்தது.
ஆனாலும் இனித்தது.