பொட்டு

முதலில் போனது சிவப்பி.
இறகு கிணற்றடி வரை,
அப்பால் வேலிப் பொட்டு.
"உங்கட நாய்தான்" என்றேன்.
கமலவேணி வீட்டார் கதைப்பதை நிறுத்தினர்.

பனைமட்டை வைத்துப் பொட்டை அடைத்தேன்.

எட்டாம் நாள்
கூடு பூட்டியபடியே இருக்க
உள்ளே மூன்று, தலையில்லாமல்.
வலைக்கண்ணில் சாம்பல் மயிர்.
மரநாய்க்குக் கதவு எதற்கு?

சுன்னாகத்தில் வாங்கிய அரை அங்குல வலை
நூற்றிருபது முட்டைக் காசை விழுங்கியது.
அடியில் கல் புதைத்தேன்.
ஆனாலும் இரவில்
கூரைத் தகரத்தில் நகம் நடக்கிறது;
ரோச் அடித்தால் இரண்டு பொறி,
அசையாமல்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
விடியப் போய்
மட்டையை நானே பிடுங்கினேன்.

அன்றிரவு ஏழாலையில் நல்ல பனி.
மிச்சம் ஐந்தும் முணுமுணுத்து அடங்க,
பொட்டால் நுழைந்து
கூட்டின் கீழே சுருண்டது
கமலவேணியின் நாய்.

என்னைக் கண்டு மெல்ல உறுமியது.