முழங்கை

சாட்ஸ்வொர்த்தில் முழங்கையை உயர்த்து என்றார்கள்.
ஃபீனிக்ஸில் இறக்கு என்றார்கள்.
வெருலத்தில், முழங்கையை விடு, இடுப்பைப் பார்.
டோங்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது
நீலன் படையாச்சி, வயது பதினேழு,
மூன்று பேருடைய உடம்பாக நின்றான்.
பந்து அவனைக் கடந்துபோய்
கேட்சரின் கையுறையில் அடங்கிய பிறகு
மூவரும் ஒரே நேரத்தில் மட்டை வீசினார்கள்.

அன்றிரவு மின்வெட்டு.
கைபேசி வெளிச்சத்தில் ஒரு தாள் எழுதினேன்,
கிளப்பின் நான்கு அணிக்கும் பொதுவாக, ஒரே பக்கம்.
பகலில் காப்பீட்டுக் கணக்குப் பார்ப்பவள் நான்,
ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால்
யாரும் படிப்பதில்லை என்று தெரியும்.

உன் பந்து எது என்று தெரிந்துகொள்.
அது வரும்வரை நில்.
இரண்டு ஸ்டிரைக் விழுந்தால்
பிடியை ஒரு விரல் மேலேற்று.

முழங்கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேகரன் முன்சாமி தாளை நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"பன்னிரண்டு வயசுப் பிள்ளையைப் போய்
நில் என்கிறாயே,
அது அடிக்கத்தானே மைதானத்துக்கு வந்தது?"
என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

ஃபீனிக்ஸின் பெகி ங்குபானே
பேனாவை வாங்கி மூன்று வரியையும் அடித்துவிட்டு
ஜூலுவில் ஒரே சொல் எழுதினார்: லிண்டா.
காத்திரு.
வெருலத்துப் பிள்ளைகள் அதை
ஏதோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்து
மூன்று வாரம் சிரித்தார்கள்.
"மிஸ், லிண்டா இன்னும் வரலையே!"
பிறகு சிரிப்புப் போய்ச் சொல் மட்டும் தங்கியது.
நான்கு மைதானத்தின் பெஞ்சிலிருந்தும்
ஒரே கூச்சல்: லிண்டா, லிண்டா.
எங்கள் வீட்டில் இதற்குப் பொறு என்போம்.
ஆனால் பொறு என்றால்
தாங்கிக்கொள் என்றும் ஆகிவிடுகிறது.
பேட்டருக்கு அது வேண்டாம்.

அக்டோபரில் நான்கு அணியும் தோற்றன.
நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்:
ஒருவன் ஒரு முறைக்கு எத்தனை பந்து பார்த்தான்,
எதை விட்டான், எதற்கு ஏமாந்தான்.
கமிட்டியில் கேட்டார்கள், என்ன முன்னேற்றம்?
முன்பு நான்கு விதமாகத் தோற்றோம், என்றேன்,
இப்போது ஒரே விதமாகத் தோற்கிறோம்.
பொருளாளர் தேநீரைக் கீழே வைத்தார்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வெருலத்தில் ருஷாந்தி கவுண்டன் இருக்கிறாள்.
கழுத்து உயரத்தில் வந்தாலும் அடிப்பாள்,
கணுக்காலில் வந்தாலும் அடிப்பாள்,
வேலிக்கு அப்பால் நின்ற தபால் வண்டியின் கண்ணாடி
அவள் கணக்கில்தான்.
தாளைக் காட்டி, உன் பந்து எது என்று கேட்டேன்.
"எல்லாமே."
முதல் வரிக்கு அது சரியான பதில்.
தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நவம்பர், டோங்காட்.
அடுத்த வயலில் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள்.
கரிய சாம்பல் இழை இழையாய் இறங்கி
அம்பயரின் தொப்பியில், வெள்ளைக் கோட்டில்,
என் குறிப்பேட்டில் உட்கார்ந்தது.
நீலன் மட்டையோடு நின்றான்.
இரண்டு ஸ்டிரைக், மூன்று பால்.
பிடி ஒரு விரல் மேலேறியதைப் பார்த்தேன்.
அவனுக்கும் பிட்சருக்கும் நடுவில்
ஒரு சாம்பல் துணுக்கு
அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்குப் பின்னால் பந்து கிளம்பியது,
வெளியோரம், தாழ்வாக, ஆசை காட்டியபடி.

மட்டை அசையவில்லை.

நான்காவது பால்.
கைதட்ட அதில் ஒன்றுமில்லை.
வேலியில் தொங்கிய பொடியன் ஒருவன்
"அடிக்கவே இல்லையே" என்று முறையிட்டான்.
நீலன் மட்டையைப் புல்லில் வைத்துவிட்டு
முதல் பேஸுக்கு நடந்தான்,
ஒரே ஆளாக.

முழங்கை உயர்ந்திருந்ததா, தாழ்ந்திருந்ததா என்று
சேகரன் இரவு போனில் கேட்டார்.
பார்க்க மறந்துவிட்டேன்.